தூங்கி எழுந்து வா, மக்கா
வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு தாய்க்குப் பதில் எழுதும்போது, அப்பாவுக்கு ஓய்வு இல்லாத போலீஸ் குடும்பத்தில் பிள்ளையும் சரியாகத் தூங்குவதில்லை என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பெயர், ஸ்டேஷன் எதையும் போடவில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் 1986-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2019-ல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள். 33 வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் குமரி மாவட்டத்துக்குள்ளேயே கழிந்தது. டாக்டர் இல்லை. பார்த்ததையும் பட்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது, ஆறு வருஷ சர்வீஸ். நைட் டூட்டி முடிந்து வந்து படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. முன்பெல்லாம் புகார் கொடுக்க வருகிறவர்கள் அழுதால் மனசு கஷ்டப்படும். இப்போது ‘சீக்கிரம் சொல்லிட்டுப் போ’ என்றுதான் தோன்றுகிறது. ஒரே பேப்பரை மூன்று தடவை திருத்தி எழுதுகிறேன். கூட இருக்கிறவர்கள் ‘வேலைக்குக் கள்ளம் போடுறான்’ என்கிறார்கள். இது சோம்பேறித்தனமா, வியாதியா அம்மா?
– ஒரு காவலர், கல்குளம் வட்டம்

மக்கா, சோம்பேறிக்கு இந்தக் கவலையே வராது. முதலில் அதை மனசில் வை.

உன் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. உடம்பு ஓய்ந்து போயிற்று. வேலை மேலும், வருகிற ஆள் மேலும் மனசு விட்டுப்போயிற்று. செய்கிற வேலை கையில் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்களின் வகைப்பாட்டில், 11-வது பதிப்பில், ‘பர்ன்அவுட்’ என்பதற்குச் சொல்லியிருக்கும் மூன்று அடையாளங்களும் இவைதான். அதை அவர்கள் நோய் என்று எழுதவில்லை. வேலையிடத்து அழுத்தத்தை நாள்கணக்கில் சரிசெய்யாமல் விட்டால் வருவது என்று எழுதியிருக்கிறார்கள். உன்னை மட்டும் குறை சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது.

எனக்கு இது வந்தது 2007 மாசியில். மாசி மாதம் நம் மாவட்டத்துப் போலீஸுக்கு வீடு கிடையாது. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம். முஞ்சிறையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில், காவித்துணியும் பனையோலை விசிறியுமாக ‘கோவிந்தா, கோபாலா’ என்று ராத்திரி முழுக்க ஜனம் ரோட்டில் ஓடும். அதே மாசியில்தான் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும். 1982 மதக் கலவரத்துக்குப் பிறகு அங்கே பந்தோபஸ்து என்றால் சும்மா பேருக்கு நிற்பது இல்லை. நான் அப்போது ஒரு ஸ்டேஷனில் ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்க்கிறவள். ஓட்டத்துக்கு ஒரு முக்கில் ராத்திரி முழுக்க நின்று, ஸ்டேஷன் வேலையையும் பார்த்து, அடுத்தடுத்து மண்டைக்காட்டுக்கும் போய்விட்டு மேசையில் வந்து உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

காலையில் ஒரு கிழவி வந்தாள். முண்டும் நேரியதும் கட்டின அம்மா. அவள் விளையில் நின்ற ஏத்தன் வாழைக்குலை நாலையும் யாரோ ராத்திரி வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாரிடமோ எழுதி வாங்கின பேப்பரை என்னிடம் நீட்டினாள். நான் கத்தினேன். ‘நாலு குலைக்கு ஒரு புகாரா? இங்க வேற வேலை இல்லையா?’ என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேப்பரை நாலாக மடித்து முண்டு மடியில் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு கேஸைப் பார்க்கிறேன். புகார்தாரர் பேரைக் கொண்டுபோய் எதிரி பேருக்கு நேரே எழுதி வைத்திருக்கிறேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கி, வீட்டில் படுத்துத் தூங்கினேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போய் நானே புகாரை எழுதி வாங்கினேன். கட்டன் காப்பி போட்டுத் தந்தாள். ‘சுகமில்லாம இருந்தியா மக்ளே?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியை டிபார்ட்மென்டில் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனை நிறுத்தி ஊதச் சொல்கிறோமே, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் கேஸ். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும், 50 மில்லிகிராம் ஏறினவனுடையதுபோல்தான் வேலை செய்கிறது என்று 1990-களிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். 24 மணி நேரம் விழித்தால் 100 மில்லிகிராம். அந்த நிலையில்தான் நாம் அறிக்கை எழுதுகிறோம், துப்பாக்கி தூக்குகிறோம், பைக்கில் வீடு திரும்புகிறோம்.

ஆகவே தூக்கத்தை ஒரு டூட்டியாக எடுத்துக்கொள். நைட் முடிகிற கடைசி மூன்று மணி நேரத்தில் டீ, காப்பி வேண்டாம். உள்ளே போனதில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்க்காதே. ஜன்னலில் பழைய சாரம் (லுங்கி) ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டி அறையை இருட்டாக்கு. வெறும் வயிற்றில் படுக்காதே. கொஞ்சம் கஞ்சியும் துவையலும் போதும். மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்துவிட்டால் அதற்கு மேல் உருளாமல் வெளியே வா. அடுத்த நைட்டுக்குக் கிளம்புமுன் 20 நிமிஷம் கண்ணை மூடு. மெடிக்கல் கடையில் தெரிந்தவன் தரும் தூக்க மாத்திரையைத் தொடாதே. ஒரு ‘கட்டிங்’ போட்டால் தூக்கம் வரும் என்று சொல்கிறவன் பேச்சையும் கேட்காதே. சாராயம் தூங்க வைத்துவிட்டு நடுவில் எழுப்பிவிடும்.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி.க்குப் போ. உன் கடிதத்தில் எழுதாத பயம் ஒன்று உண்டு, எனக்குத் தெரியும்: ‘மென்டல்’ என்று பேர் வந்துவிடுமோ என்பது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உனக்குக் கொடுத்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிற அதே ஆஸ்பத்திரிதான். தைரியமாகப் போ.

கேள்வி: என் வீட்டுக்காரர் முதல் நிலைக் காவலர். டூட்டி முடிந்து வந்தால் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அதிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வந்தால் பேச்சில்லை. ‘என்ன ஆச்சு’ என்று கேட்டால் கோபம். சமீபகாலமாகக் குடிக்கவும் செய்கிறார். பிள்ளைகள் அப்பா வந்தாலே அறைக்குள் போய்விடுகின்றன. நான் என்ன தப்பு செய்கிறேன்?
– ஒரு மனைவி, தக்கலை பக்கம்

மகளே, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

அந்த பைக் அரை மணி நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டேஷனில் பார்த்ததை வீட்டு வாசலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்து உட்காருவது. அதற்காக அவரைக் குத்திக் காட்டாதே.

2017 நவம்பர் 29 ராத்திரி கடந்து 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று எங்கு போனாலும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள். டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில்வே ஸ்டேஷனில் ஜனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நான் பந்தோபஸ்தில் நின்றேன். என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். ரேஷன் கார்டு பிளாஸ்டிக் கவருக்குள் புருஷனுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை என்னை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கை வலித்தால் மறு கைக்கு மாற்றுவாள். திரும்பவும் தூக்குவாள். நான் லத்தியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் ‘என்ன ஆச்சு’ என்று கேட்டபோதெல்லாம் ‘ஒண்ணுமில்ல’ என்றேன். மூன்று மாதம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தானாகவே வாயில் வந்தது, அந்தப் போட்டோவைப் பற்றி. அவர் தலை நிமிராமல் ‘ம்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கிறவரைக்கும் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் அன்று எனக்குச் செய்த உபகாரத்தை மறக்கவே முடியாது.

அதனால்தான் சொல்கிறேன். வாசலில் நின்று எதிருக்கு எதிராகக் கேட்காதே. அது அவருக்கு விசாரணை போல இருக்கும். வந்ததும் குளிக்க விடு, சாப்பிட விடு. பிறகு துணி மடிக்கும்போது, தேங்காய் துருவும்போது, கடைக்குப் போகும் வழியில், பக்கத்தில் இருந்துகொண்டு பேச்சை எடு. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளிடம், ‘அப்பாவுக்கு உங்க மேல கோபம் இல்ல, வேலையில ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க’ என்று நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தங்களால்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கை ஓங்குவதைக் களைப்பு என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளாதே. அது வேறு. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணு.

இன்னும் ஒன்று. ‘நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நல்லது’ என்பது மாதிரி வார்த்தை வந்தால், திடீரென்று கடன், நகை, பேப்பர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி உன் கையில் கொடுத்தால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் வராது, மனசின் பாரம்தான் இறங்கும். தனியாக விடாதே. அவர் மதிக்கிற ஒரு மேலதிகாரியிடமோ பேட்ச்மேட்டிடமோ சொல்லி, ஆயுதம் கையில் வராத டூட்டிக்கு மாற்றச் சொல். 14416, இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். நாள் முழுக்கத் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அரசு மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகா: 044-24640050. இந்த மூன்று நம்பரையும் அவர் போனிலும் உன் போனிலும் இன்றைக்கே போட்டு வை. அவர் அழைக்காவிட்டாலும், என்ன செய்வதென்று கேட்க நீயே அழைக்கலாம்.

குடியைப் பற்றித் தனியாக எழுதவில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அதே மனநல ஓ.பி.யில் அதற்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: நான் ஒரு ஸ்டேஷனுக்குப் பொறுப்பான அதிகாரி. வாராந்திர ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆள் இல்லையே! கோர்ட், எஸ்கார்ட், பாரா (காவல் நிற்பது), ரவுண்ட்ஸ், வி.ஐ.பி. வருகை. நீங்கள் ரைட்டராக இருந்தவர், சொல்லுங்கள், எங்கிருந்து கொடுப்பது?
– ஒரு இன்ஸ்பெக்டர்

சார், உங்கள் கஷ்டத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். என் பட்டியலில் 32 பேர் இருந்த காலத்தில், காலை ரோல் காலில் 19 பேரைத்தான் எண்ண முடிந்தது. மீதிப் பேர் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அயல்பணியிலும் இருப்பார்கள்.

இது நம் ஒரு ஸ்டேஷனின் கதை மட்டும் இல்லை. 2014-ல் மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு, எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று நாடு முழுக்கக் கேட்டுப் பார்த்தது. ஸ்டேஷன் போலீஸில் சுமார் 90 சதவீதம் பேர் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்று வந்தது. காமன் காஸ், லோக்நிதி என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் சராசரி 14 மணி நேரம். இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை. 1861 போலீஸ் சட்டத்தின் 22-வது பிரிவு, போலீஸ் அதிகாரி எப்போதும் டூட்டியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்து அந்த வரிதான் இன்னும் நம் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தேவைப்படும்போது கூப்பிடலாம் என்பது ஒன்று, எப்போதும் கூப்பிட்டே வைத்திருப்பது வேறு ஒன்று.

நம் மாநிலத்தில் இப்போது ஆணையே இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரரான சைலேந்திரபாபு டி.ஜி.பி.யாக வந்ததும் 2021 ஜூலையில் வார ஓய்வு கொடுக்கச் சொல்லி சுற்றறிக்கை விட்டார். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் லீவு கொடுக்கச் சொன்னார். அதே வருஷம் நவம்பரில், இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த பழைய சண்டை. ஆணை இல்லாத காலத்தில் நான் என் இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு நீள நோட்டு. இடது பக்கம் பேர், மேலே தேதி. எல்லோரும் முதலில் டூட்டியை எழுதிவிட்டு, மிஞ்சினால் ஆஃப் எழுதுவார்கள். மிஞ்சாது. நான் சிவப்புப் பென்சிலில் முதலில் ஓய்வை எழுதினேன். ஒரு நாளைக்கு மூன்று பேர், அதற்கு மேல் இல்லை. அதற்குப் பிறகு மிச்சக் கட்டத்தில் டூட்டியை நிரப்பினேன். நிரம்பாத இடம் தெரிந்தது. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டி, ‘இந்தப் பாயின்டுக்கு ரெண்டு பேர் எதுக்கய்யா, ஒருத்தர் போதாதா?’ என்று கேட்க முடிந்தது. நாலு பாயின்டில் ஒவ்வொரு ஆள் மிச்சமானது. அதுவரைக்கும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் மாதம் ஏட்டுகள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். சீனியருக்கு ஞாயிறு வேண்டும் என்று. ஞாயிற்றைச் சுழற்சியில் விட்டேன். பட்டியலைச் சுவரில் ஒட்டினேன், மேசை இழுப்பறையில் வைக்கவில்லை. தனக்கு எந்த நாள் ஓய்வு என்று பத்து நாள் முன்னால் தெரிந்தால்தான் ஒருவன் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போக முடியும். காலையில் ஏழு மணிக்குப் போன் பண்ணி ‘இன்னைக்கு நீ ஆஃப்’ என்று சொல்வது ஓய்வு இல்லை சார். அவன் ஏற்கெனவே யூனிஃபார்ம் போட்டிருப்பான்.

நம் மாவட்டத்துக் கூட்டம் எப்போது வரும் என்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. நவம்பர் கடைசியில் கோட்டார் சவேரியார் திருவிழா, கார்த்திகை முதல் தை வரை கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள், மார்கழியில் சுசீந்திரம் தேர், வருஷப் பிறப்பு, பிறகு மாசி. ஐப்பசியிலேயே ஒவ்வொருவருக்கும் மூன்று நாள் சேர்த்துக் கொடுத்து வீட்டில் உட்கார வையுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த வருஷம் திருவிழா நேரத்தில் திடீர் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு ஓடினவர்கள் எங்கள் ஸ்டேஷனில் யாரும் இல்லை.

நீங்கள் கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. உங்கள் பேரையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: பிரசவ லீவு முடிந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பந்தோபஸ்தில் நிற்கும்போது பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது. பாத்ரூம் கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஆண் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது?
– ஒரு பெண் காவலர், அகஸ்தீஸ்வரம் வட்டம்

மக்ளே, தண்ணீர் குடிக்காமல் நிற்பதை இன்றோடு நிறுத்து. நாங்கள் எல்லோரும் அதைச் செய்தோம். மூத்திரக் கடுப்பும் இன்ஃபெக்‌ஷனும் வந்து படுத்தவர்கள் என் பேட்சில் மட்டுமே எத்தனையோ பேர். 1973-ல் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என்று தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கியது. அன்றிலிருந்து சட்டை அளவு மாறியது, தொப்பி மாறியது, பாயின்டில் பாத்ரூம் மட்டும் அவரவர் பாடு.

பாயின்டுக்குப் போனதும் முதல் வேலை, கதவு உள்ள இடம் எது என்று பார்ப்பது: கோயில் அலுவலகம், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், ஒரு வீடு. வீட்டுக்காரம்மாவிடம் முன்னமே சொல்லி வைத்துவிடு. நான் 33 வருஷத்தில் கேட்டு ‘இல்லை’ என்று சொன்ன வீடு ஒன்று கூடக் கிடையாது. இரண்டு இரண்டு பேராகப் பாயின்ட் கேட்டு வாங்குங்கள்; ஒருத்தி நிற்க ஒருத்தி போகலாம்.

பால் கட்டினதை வெட்கப்பட்டு மறைக்காதே. கட்டி காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ‘அய்யா, எனக்குக் கைக்குழந்தை இருக்கு, மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை 20 நிமிஷம் வேணும்’ என்று சொல். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு பேப்பரில் எழுதிக் கொடு. எழுத்தில் வந்ததைத் தள்ளிவிடுவது கஷ்டம். கையால் பிழிந்து எடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் ஒரு தடவை கற்றுக்கொள்.

உனக்குச் சாதகமாக ஆணைகள் இருக்கின்றன, தெரிந்து வை. 2021 ஜூனில், முதலமைச்சர் போகிற வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. 2023 மார்ச்சில், பெண்களுக்கு ரோல் கால் காலை 7 மணிக்குப் பதில் 8 மணி என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில், மகப்பேறு லீவு முடிந்து வருகிற பெண் காவலர்களுக்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கிற மாவட்டத்தில் மூன்று வருஷம் பணி என்று அறிவித்தார்கள். இதைச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நான் என் மூத்தவளைப் பெற்று வேலைக்குத் திரும்பினபோது சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். நீ அப்படி நிற்கக் கூடாது.

கேள்வி: போலீஸுக்கு வேலைப்பளு, சரி. அதற்காக ஸ்டேஷனுக்குப் போகிற எங்களை ‘வா, போ’ என்று பேசுவதையும் கை வைப்பதையும் நாங்கள் தாங்கிக்கொள்ள வேண்டுமா?
– ஒரு கடைக்காரர், மார்த்தாண்டம்

வேண்டாம் அண்ணாச்சி. ஒரு நாளும் வேண்டாம்.

களைப்பில் வருவது எரிச்சல், மறதி, தப்பு. அடிக்கிறவன் களைப்பில் அடிப்பதில்லை. தன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் அடிக்கிறான். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், கடை வைத்திருந்த அப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதும் அவர்கள் செத்ததும் உங்களுக்கும் தெரியும். அதை வேலைப்பளு என்று எவராவது சொன்னால், உடுப்புப் போட்டிருந்தவள் என்ற முறையில் நான் அதை ஏற்க மாட்டேன். களைத்துப்போய் நிற்கிற ஆயிரம் பேர் யார் மேலும் கை வைக்காமல்தான் வேலை பார்க்கிறார்கள்.

புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மரியாதை இல்லாமல் பேசினால் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் எழுதுங்கள், தேதியும் நேரமும் போட்டு. போலீஸுக்கு ஓய்வு வேண்டும் என்று நான் கத்துவது உங்களுக்காகவும்தான். தூங்கி எழுந்து வந்த காவலர் கையில் உங்கள் புகார் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி: மகன் போலீஸ் தேர்வில் தேறிவிட்டான். வில்சன் எஸ்.ஐ.யை நினைத்து அவன் அம்மா அழுகிறாள். அனுப்பலாமா?
– ஒரு தகப்பனார், விளவங்கோடு வட்டம்

2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச்சாவடியில் டூட்டியில் இருந்த வில்சனைச் சுட்டுக் கொன்றபோது நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். செய்தி கேட்டு அன்று தூங்கவில்லை. உங்கள் வீட்டம்மாவின் அழுகை நியாயமானது, அதை அடக்கச் சொல்லாதீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் இரண்டு விஷயத்தை இப்போதே சொல்லி அனுப்புங்கள். ‘கஷ்டம்னா வீட்டுல வந்து சொல்லு, ஆம்பளை அழக் கூடாதுன்னு நாங்க சொல்ல மாட்டோம்.’ அடுத்தது, உடுப்புக்கு வெளியே ஒரு விஷயம் அவனுக்கு இருக்கட்டும். பந்து விளையாட்டோ, சர்ச் பாட்டுக் குழுவோ, நாலு மூடு வாழையோ. ‘போலீஸ்காரன்’ என்பது மட்டுமே அவன் பேராகிவிட்டால், அங்கே ஒரு மெமோ வந்தால் கூட உயிரே போன மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: ஓய்வு பெற்று நாலு வருஷம். இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பாரா மாற்ற எழுந்த பழக்கம். போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. இது போகவே போகாதா?
– ஒரு ஓய்வு பெற்ற ஏட்டு, நாகர்கோவில்

ஏட்டையா, குறையும். எனக்குக் குறைந்தது. முதலில் அந்த ரிங்டோனை மாற்றுங்கள்; ஸ்டேஷன் காலத்து அதே சத்தத்தை ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? என் பேத்தி என் போனில் ஏதோ குருவிச் சத்தம் வைத்துக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். படுக்கையில் கிடந்து போராடாமல் எழுந்து திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், லைட்டைப் போடாமல். கண் சொருகினதும் உள்ளே போங்கள். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நெஞ்சு படபடப்புக்கு ஒருதடவை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள், எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிடக் கூடாது.

நாங்கள் ஓய்வு பெற்றவர்கள் ஆறேழு பேர் காலையில் சங்குத்துறைக் கடற்கரையில் நடக்கிறோம். ஐந்தரைக்கு வருவோம். கேஸ் கதை பேசக் கூடாது என்பது மட்டும்தான் ஒரு கட்டுப்பாடு. அதையும் சில நாள் மீறிவிடுவோம். வாருங்கள். தொப்பி வைத்த அக்கா யார் என்று கேட்டால் காட்டுவார்கள்; வெயிலுக்கு வைக்கிற பருத்தித் தொப்பிதான்.